தட்டு வராத வீடு

கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று பாதிரியாரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. தங்கச் சுரங்கம் இருந்த மாரிகுப்பத்தில் எங்கள் லைனில் இருந்த கிறிஸ்தவப் பெண்கள் டிசம்பர் பிறந்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். தோளில் அளவு நாடாவை வைத்தால் போதும், மனசையும் சேர்த்து அவிழ்த்துவிடுவார்கள். "கை கொஞ்சம் புசுபுசுன்னு வெச்சுடு" என்று ஆரம்பிப்பார்கள். நான் அளவு எடுத்து முடிப்பதற்குள் "எங்க வூட்டுக்காரருக்கு மேல வேல குடுத்துட்டாப் போதும்டி, வேற இன்னா வேணும் எனக்கு" என்பதில் வந்து நிற்பார்கள். மேல வேலை என்றால் சுரங்கத்துக்குள் இறங்காமல் தரையில் பார்க்கிற வேலை. ஒருத்திக்குத் தன் மகன் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜில் ஏறவே கூடாது, பெங்களூரில் ஏதாவது பேக்டரியில் சேர வேண்டும். இன்னொருத்திக்கு மாமியார் பண்டிகைக்கு முன்னால் ஊருக்குப் போய்விட வேண்டும். அந்த ஆசைக்கு நானும் கூடவே ஆமென் சொன்னேன்.

இப்படி ஊரார் மனசெல்லாம் தெரிந்த எனக்கு, என் வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்த ஒருத்தியின் ஆசை மட்டும் பிடிபடவில்லை. அந்தக் கதைதான் இது.

லைன் என்றால் மைன்ஸ் வேலைக்காரர்களுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். இந்த வீட்டுக் குழந்தை தும்மினால் அந்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். அப்படி இருக்கிற இடத்தில் மதம் பார்த்துக்கொண்டு எங்கே வாழ்வது? தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசம் அவர்களுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து தட்டு வரும். இந்தத் தட்டுக்கு ஒரு முறை உண்டு. காலையில் சர்ச் முடிந்து வந்ததும் கேக் ஒரு துண்டு, கல்கல் என்கிற இனிப்பு ஒரு பிடி, அச்சு முறுக்கு, வாழைப்பழம் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, பின்னல் துணியால் மூடி, கிறிஸ்துமஸ் கொண்டாடாத எல்லா வீடுகளுக்கும் அனுப்புவார்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டோடு சண்டை என்று அர்த்தம். வாங்கியவர்கள் தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குத் தட்டு போகாது. அவர்கள்தான் நேரே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே.

எங்களுக்கு வருகிற தட்டுகளில் முதலில் வருவது லைன் கோடியில் இருந்த மாமா வீட்டுத் தட்டு. அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. என் அம்மா அவரை "அண்ணே" என்பாள், அவர் அம்மாவைத் "தங்கச்சி" என்பார், அதனால் எனக்கு மாமா. மாமாவுக்கும் என் அண்ணனுக்கும் சுரங்கத்துக்குள் பம்ப் வேலை. பண்டிகை என்று மைன்ஸ் மூடலாம், பூமிக்குள் ஊறுகிற தண்ணீருக்குப் பண்டிகை ஏது? யாராவது இறங்கிப் பம்ப் ஓட்டத்தான் வேண்டும். அதற்காக இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மாமாவுக்கு ஷிப்ட் விழுந்தால் அண்ணன் இறங்குவான். தீபாவளியன்று அண்ணனுக்கு விழுந்தால் மாமா இறங்குவார்.

தனக்காக ஷிப்டுக்குப் போனவனுக்கு விருந்து தவறிவிடக் கூடாது என்று மாமா அண்ணனுக்குத் தனியாக ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்வார். அவன் மேலே வந்து குளித்து முடித்ததும் மாமாவின் மகள் அதைக் கொண்டுவந்து கொடுப்பாள். சில கிறிஸ்துமஸ் இப்படியே போயிற்று. ஒரு தட்டைக் கொடுக்க இவ்வளவு நேரமா ஆகும் என்று எனக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அம்மாவோ, "பாவம், நல்ல பொண்ணு. நின்னு தட்டத் திருப்பி வாங்கிக்கினு போவுது பாரு" என்று மெச்சிக்கொண்டிருந்தாள்.

அந்த நல்ல பெண்ணும் என் அண்ணனும் ஒரு சித்திரையில் பங்காருபேட்டைக்குப் போய் ரிஜிஸ்டர் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக ரயிலில் வந்து இறங்கினார்கள். லைனே திரண்டு வேடிக்கை பார்த்தது. மாமா கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா சாத்தவில்லை. அப்பா இல்லாத வீடு, சம்பாதித்துப் போடுகிற பிள்ளையை எங்கே துரத்துவது? ஆனால் வாயையும் சாத்தவில்லை. "அண்ணே அண்ணேன்னு கூப்ட்டுக்கினு இருந்தேனே, இனிமே அந்த அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்" என்று மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணன் பொண்ணத்தானேம்மா கட்டிக்கினு வந்தான். முறைதானே?" என்றேன்.

துடைப்பம் பறந்து வந்தது. நான் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அம்மா மருமகளோடு நேராகப் பேசவில்லை. அண்ணி எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மா என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ண சாப்புடச் சொல்லு" என்பாள். நான் அண்ணியைப் பார்த்து, "அந்தப் பொண்ணே, சாப்பிடு" என்பேன். அண்ணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குழாயடியில் அவளும் அவள் அம்மாவும் எதிர்ப்பட்டால், அந்த அம்மா தன் குடத்தை நகர்த்தி மகளின் குடத்துக்கு இடம் விடுவார். மாமாவுக்குப் பயந்து பேச மாட்டார். அண்ணி குனிந்த தலை நிமிராமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவாள்.

ஆனால் ஒன்று. பேச்சுதான் நின்றதே தவிர ஷிப்ட் மாற்றம் நிற்கவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு அண்ணனுக்கு ஷிப்ட் விழுந்தது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை குழிக்குள்ளா கிடக்க வேண்டும் என்று அம்மா புலம்பித் தீர்த்தாள். காலையில் கிளம்பிப் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "மாமா எனக்கு முன்னாடியே கேஜ்ல எறங்கிட்டாராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தான். அம்மா கேட்டுக்கொண்டே வாணலியை அடுப்பில் வைத்தாள். பிறகு, "பெரிய மனுசன்! ஷிப்டுக்கு எறங்கத் தெரியுது, பெத்த பொண்ண வந்து எட்டிப் பாக்கத் தெரியல" என்று தாளிப்பில் கடுகைக் கொட்டினாள்.

டிசம்பர் வந்தது. துணிகள் வந்து குவிந்தன. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இளநீலத்தில் ரவிக்கைத் துணி, அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை. யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணி அந்தப் பழைய ரவிக்கையைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. அவள் அம்மாவுடையது. "இதுக்குக் கை வேல நான் செய்றேன்" என்றாள். அண்ணிக்குத் தையல் அவ்வளவாக வராது. அந்த ரவிக்கைக்கு மட்டும் ஓரம் மடித்து எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கி நெருக்கித் தைத்தாள். கொக்கியை மூன்று தடவை பிரித்துக் கட்டினாள்.

"அண்ணி, உனக்கு இன்னா வேணும் கிறிஸ்துமஸுக்கு?" என்றேன்.

"ஒன்னும் வேணா."

"சும்மா சொல்லு. ஊரே எங்கிட்ட சொல்லுது, நீ சொன்னா கொறஞ்சா பூடுவ?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு தெச்சாப் போதும்."

அன்று சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், தன்னை அறியாமல் மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, சீப்பின் மேல் அழுத்திச் சுருட்டி வரிசையாக வைத்திருந்தாள். கல்கல் அப்படித்தான் செய்வார்கள். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் அது அவள் வேலை. அம்மா வந்து பார்த்தாள். கண்டபடி கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்தப் பொண்ணு மாவுல வெளாடுது, எண்ணெ வேணும்னா மேல் ஜாடில கீதுன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. அண்ணிக்கு வேண்டியது அவள் அம்மா வீட்டுத் தட்டு. நாங்கள் கொண்டாடாத வீடு, முறைப்படி எங்களுக்குத் தட்டு வந்தே ஆக வேண்டும். மாமாவுக்குக் கோபம் இருந்தாலும் லைன் வழக்கத்தை மீற முடியாது. அந்தத் தட்டு ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று, யாரிடமும் சொல்லாமல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மாமாவுக்குக் காலை ஷிப்ட். அண்ணன் அவருக்குப் பதிலாக இறங்கப் போய்விட்டான். அம்மா ஒரு புதுச் சேலையை என் மடியில் போட்டாள். "அந்தப் பொண்ணுக்குக் குடு. பண்டிகையும் அதுவுமா பழசக் கட்டிக்கினு நின்னா லைன்ல என்னத்தான் பேசுவாங்க." அண்ணி குளித்து அதைக் கட்டிக்கொண்டாள். சர்ச் மணி அடித்தது. வாசல்வரை வந்து நின்றாள்.

"சர்ச்சுக்குப் போய்ட்டு வாயேன் அண்ணி" என்றேன்.

"அப்பா இருப்பாரு. எல்லார் எதிர்லயும் மூஞ்சத் திருப்பிக்கினா என்னால தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

சர்ச் விட்டதும் தட்டுகள் புறப்பட்டன. அம்மா ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரை எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காவல் இருந்தாள். லைன் நடுவில் இருந்த வீட்டிலிருந்து ஒன்று வந்தது, எதிர் வரிசையிலிருந்து ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவை காலடிச் சத்தம் கேட்கும்போதும் அண்ணியின் கை அப்படியே நின்றுவிடும். யார் வீட்டுத் தட்டு என்று தெரிந்ததும் மூச்சு விடுவாள். பிறகு மாமா வீட்டுத் தட்டு கிளம்பியது. எங்கள் மேல் பக்கத்து வீட்டுக்குப் போனது. கீழ்ப் பக்கத்து வீட்டுக்குப் போனது. எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது மாமாவுக்காகக் கொண்டுபோன லைன் பெண் ஒருத்தி எங்களைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் முந்தின வாரம்தான் குடிவந்தவர்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அம்மா சர்க்கரைக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஆண்களை மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவைப் பார்க்காதவர்கள் சொன்னது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லைன் கோடியைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். வேடிக்கை பார்க்கவும்தான்.

மாமா வெள்ளைச் சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் அம்மா நின்றார். இளநீல ரவிக்கை அழகாகப் பொருந்தியிருந்தது.

"இன்னாண்ணே நெனச்சிக்கினு கீற?" என்று அம்மா ஆரம்பித்தாள். லைனில் அத்தனை தலைகளும் எட்டிப் பார்த்தன. "எங்க வூடு இன்னா சுடுகாடா? மேல் வூட்டுக்குத் தட்டு போவுது, கீழ் வூட்டுக்குப் போவுது, போன வாரம் வந்தவனுக்கும் போவுது. எங்க வாசல மட்டும் தாண்டிக்கினு போவுதா? எம் புள்ள இன்னிக்கு உன் ஷிப்டுக்கு எறங்கிக் கீறான். ஷிப்ட் மாத்திக்கத் தெரியுது, ஒரு தட்டு அனுப்பத் தெரியலையா? உன் கேக்குக்கு நான் அலையல. அந்தப் பொண்ணு காலைல இருந்து அடுப்பாண்ட குந்திக்கினு பூண்டு உரிக்கிற சாக்குல அழுவுது. எட்டு மாசமா நான் பேசாத பேச்சில்ல. திருப்பி ஒரு வார்த்த சொன்னதில்ல எங்கிட்ட. அதுக்குப் போயி ஒரு தட்டு அனுப்ப மனசு வரல உனக்கு? நீயெல்லாம் அப்பனா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தன் வீட்டு மரியாதைக்காகச் சண்டை போட வந்தவள், நடுவில் எங்கேயோ மருமகளுக்காக அழ ஆரம்பித்திருந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணி எப்போது அம்மாவின் சதை ஆனாள் என்று வீட்டிலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை.

மாமா எழுந்தார். "தங்கச்சி, உள்ள வா."

"நான் எதுக்கு வரணும்?"

"வந்து பாத்துட்டுத் திட்டு."

உள்ளே பாய் விரித்துச் சாப்பிடுவதற்குத் தட்டுகள் வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்தது இரண்டு பேர். தட்டுகள் நிறைய இருந்தன. மாமா உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீங்கான் தட்டு, நீல ஓரம் போட்டது, ஒரு பக்கம் பெயர்ந்தது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அது யாருடைய தட்டு என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் சாப்பிட வந்திருக்கிறாள்.

"காலைல இருந்து வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன்" என்றார் மாமா. "எந்த அப்பனாவது பெத்த பொண்ணுக்குத் தட்டு அனுப்புவானாம்மா? தட்டு வெளி வூட்டுக்குப் போறது. அவளுக்கு அனுப்பினா, நீ வெளி வூட்டுப் பொண்ணுன்னு நானே என் கையால சொன்னா மாதிரி ஆயிடாதா? அவளா வருவா வருவான்னு வாசலப் பாத்துக்கினு இருந்தேன்."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "கூப்டாம எப்பிடி வருவா?"

"பொறந்த வூட்டுக்குக் கூப்புடணுமா?"

"சாத்தின வூட்டுக்குக் கூப்புடத்தான் வேணும்."

மாமா நாற்காலியைத் தேடுவது போல் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வாய் வரல தங்கச்சி. எட்டு மாசமா வரல. நீ போயி கூப்டு" என்றார். அண்ணியின் அம்மா புது ரவிக்கையின் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா வாசல்வரை வந்தாள். வந்த காரியம் ஞாபகம் வந்து திரும்பினாள். "சரி, அப்போ எங்க வூட்டுத் தட்டு?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வந்த சிரிப்பு. "சம்மந்தி வூட்டுக்கு யாராவது தட்டு அனுப்புவாங்களா? எண்ணிப் பாரு, உனக்கும் உன் பொண்ணுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்குது. மாப்ளயும் மேல வந்ததும் நேரா இங்கதான் வரணும்."

சம்மந்தி. எங்கள் அம்மாவைப் பேச்சில் மடக்கிய ஒரே மனிதர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தே சொன்னாள். "எழுந்து மூஞ்சி கழுவும்மா. உன் தட்டக் கவுத்து வெச்சிக்கினு உங்கப்பா குந்திக்கினு கீறாரு."

"எந்தத் தட்டு?" என்றாள் அண்ணி.

"நீல ஓரம் போட்டது. ஒரு பக்கம் பேந்தது."

எட்டு மாதமாகச் சத்தமே இல்லாமல் இருந்தவள் அன்று வாய்விட்டு அழுதாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒவ்வொரு தட்டு வர்றப்பவும் உயிரே இல்ல அத்தே எனக்கு. இந்த வூட்டுக்கும் எங்கப்பா வூட்டுத் தட்டு வந்துட்டா அவ்ளோதான், அப்பா என்ன வெளியாளுன்னு தள்ளிட்டாருன்னு அர்த்தம். வரக் கூடாது, வரக் கூடாதுன்னு வேண்டிக்கினே உரிச்சேன்."

இத்தனை வருஷம் தட்டு வாங்கித் தின்ற எங்களுக்கு இது தெரியவில்லை. அவள் வரக் கூடாது என்று ஏசுவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், அதே நேரத்தில் நான் வர வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருக்கிறேன். நல்லவேளை, பிள்ளையார் என் பேச்சைக் கேட்கவில்லை. இருந்தாலும் அந்தத் தேங்காயை உடைத்துவிட்டேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, லைன் நடுவே எல்லோரும் பார்க்கும்படி நடந்தாள். மாமா வாசலில் நின்றார். அண்ணி கிட்டே போனதும் அவர் நகர்ந்து வழிவிட்டார். "சாப்பாடு ஆறிப் போச்சு" என்றார், அவ்வளவுதான். அண்ணி உள்ளே போய்க் கவிழ்ந்திருந்த தட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து கோடி வீட்டுத் தட்டு எங்களுக்கு வரவே இல்லை. மேல் வீட்டுக்குப் போகும், கீழ் வீட்டுக்குப் போகும், எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டே போகும். லைனுக்குப் புதிதாக வந்த ஒருத்தி இதைக் கவனித்துவிட்டு அம்மாவிடம் மெதுவாக, "இன்னாங்க, உங்களுக்கும் அவங்களுக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

"அவங்க எங்களுக்கெல்லாம் தட்டு அனுப்ப மாட்டாங்கம்மா" என்றாள் அம்மா. இவ்வளவு பெருமையாக அவள் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.